பணம் செலவாகும் முன்பே வழிகாட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஏழைகளின் வீடுகளைப் பழுதுபார்க்கவும் சாக்கடைக் குழாய் போடவும் மத்திய அரசு நகரங்களுக்குச் சமுதாய மேம்பாட்டு மானியம் தருகிறது. 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த திட்டம் இது. இதில் குறைந்தது 70 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்குப் பயன்பட வேண்டும். அருமையான விதி, அதைத் தளர்த்தவே கூடாது.

சிக்கல் நடைமுறையில்தான். சுற்றுச்சூழல் ஆய்வு முடியும் முன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், வேலை எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் அந்தச் செலவு ஏற்கப்படாமல் போகலாம். திட்ட ஆண்டு முடிய 60 நாள் இருக்கும்போது, ஓராண்டு மானியத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் செலவாகாமல் கிடந்தாலும் தவறுதான். ஏற்கப்படாத தொகையை நகரம் தன் சொந்த நிதியிலிருந்து திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். அது யார் பணம்? சாலைக்கும் நூலகத்துக்கும் மக்கள் கட்டிய வரி.

சிறிய நகரங்களில் இத்தனையையும் ஓரிரு ஊழியர்களே பார்க்கிறார்கள். அவர்கள் ஓய்வு பெற்றால் அனுபவமும் கூடவே போய்விடுகிறது. நிர்வாகத்துக்கும் திட்டமிடலுக்கும் மானியத்தில் 20 சதவீதம் வரை செலவிட அனுமதி உண்டு. அதில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கென ஒதுக்கலாம். பக்கத்து நகரங்கள் சேர்ந்து ஒரு நிபுணரை அமர்த்திக்கொள்ளலாம். அப்புறம், மத்திய வீட்டுவசதித் துறை அதிகாரிகள் குறை கண்டுபிடித்து எழுதுவதற்கு முன்பே, பெரிய ஒப்பந்தங்களின் கோப்புகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

– ஒரு வாசகர், நியூ ஜெர்சி