வெளி விளக்கு டைமரை மாற்றும் முன்

கண்ணா,

வாசல் விளக்கு பகலிலும் எரிகிறது, டைமரில் எதை அழுத்தினாலும் அணையவில்லை என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் பெரும்பாலும் உள்ளே ரிலேயின், அதாவது விளக்கை ஆன், ஆஃப் செய்கிற குட்டி ஸ்விட்சின், காண்டாக்ட் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கும். எல்.இ.டி. விளக்கு எரியும்போது இழுக்கிற கரண்ட் கொஞ்சம்தான், ஆனால் ஆன் ஆகிற அந்த ஒரு கணத்தில் அதற்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கிற டிரைவர் சர்க்யூட் பல மடங்கு இழுக்கும், தினமும் அந்த அடியை வாங்கி வாங்கித்தான் காண்டாக்ட் கெட்டுப்போகிறது. அதனால் புது டைமரில் 16 ஆம்பியர் என்று பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் பார்த்து எடுத்துவிடாதே. அது ஹீட்டர் மாதிரியான லோடுக்கான கணக்கு. எல்.இ.டி.க்கு எத்தனை வாட் என்று தனியாகப் போட்டிருக்கும், சில மாடல்களில் அது பத்தில் ஒரு பங்குகூட வராது. உன் வெளி விளக்குகளின் வாட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்கு.

வாங்குவதற்கு முன்பே, பழைய பெட்டிக்குள் நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) வந்திருக்கிறதா என்று பார்த்துவிடு. நிறைய டைமர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். நியூட்ரல் இல்லாமல் வேலை செய்கிற வகையும் கிடைக்கும், ஆனால் அதில் எல்.இ.டி. அணைத்த பிறகும் மங்கலாக எரிய வாய்ப்புண்டு.

பெட்டியைத் திறக்கும் முன் அந்த லைனின் கரண்டைத் துண்டிக்கிற எம்.சி.பி. ஸ்விட்சை இறக்கிவிடு, வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவை. டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் டைமரின் ஒவ்வொரு வயரிலும் வை. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. இதில் மட்டும் அவசரம் வேண்டாம், கண்ணா. வயரைக் கழற்றும் முன் ஒரு போட்டோ எடு, எது எந்த டெர்மினலில் இருந்தது என்று டேப் ஒட்டி எழுதிவிடு. நிறத்தை நம்பாதே, முன்னால் வேலை பார்த்தவர் கையில் கிடைத்த வயரைப் போட்டிருக்கலாம்.

இன்னொன்று. சில டைமர்களில் காண்டாக்ட் தனியாக இருக்கும், அதற்குள் தானாகக் கரண்ட் வராது. கரண்ட் வருகிற ஃபேஸ் வயரிலிருந்து காமன் டெர்மினலுக்கு, அதாவது காண்டாக்டுக்குள் கரண்ட் நுழைகிற முனைக்கு, ஒரு சின்ன வயர் நாம் போட வேண்டும். போடாவிட்டால் திரை எரியும், டிக் என்று சத்தமும் கேட்கும், விளக்கு மட்டும் எரியாது. புது டைமரே கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போய்விடுவாய். மூடியின் உள்பக்கம் இருக்கிற படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முடிந்தால் ஆஸ்ட்ரோ டைமராக வாங்கு. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் தேதியையும் ஒருமுறை கொடுத்துவிட்டால் சூரியன் மறையும் நேரத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும், மாதத்துக்கு மாதம் நீ மாற்ற வேண்டாம். சாதாரண டிஜிட்டல் என்றாலும் சரி, கரண்ட் போனால் நேரம் மறக்காமலிருக்க உள்ளே பேட்டரி இருக்கிறதா என்று கேட்டு வாங்கு.

பெட்டி மழை படுகிற இடத்தில் இருந்தால் வயர் கீழ்ப்பக்கமாகவே நுழையட்டும். திறந்து பார்க்கும்போது வயரின் மேலுறை கருகியிருந்தாலோ தொட்டால் உதிர்ந்தாலோ அப்படியே மூடிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. இல்லையென்றால் எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கி, ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பார்த்துவிட்டு, மூடும் முன் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு.

அம்மா