எழுத்தில்லாத கல்லும் ஹம்பிப் பணமும்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள வசந்தா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? பெரியவளுக்குப் பிரசவம் எந்த மாதம் என்று நாள் குறித்திருக்கிறார்கள்? அம்மாவின் முட்டிவலிக்கு அந்தத் தைலம் கேட்டதா இல்லையா? சரி, விசாரிப்பு முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

ஹம்பிக்கு என்று நாம் சேர்த்து வைத்தோமே, அந்தப் பணத்தில் என் பங்கு ஒரு கல்லுக்காகக் காலி. உன் பங்கில் கை வைக்கவில்லை, பத்திரமாக இருக்கிறது. எனக்கு இதில் துளி வருத்தமும் இல்லை. போனில் சொன்னால் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவாய், முழுக் கதையும் உன் காதில் ஏறாது. அதனால்தான் கடிதம்.

"ஒன்றைப் பிடித்தால் அதிலேயே நில்லேன்டி" என்று போன தடவை நீ எழுதியதற்கும் பதில் பாக்கி இருக்கிறது. நிற்க முடியவில்லையே, என்ன செய்ய? இப்போது அடுக்களை டப்பாக்களில் எல்லாம் தமிழி எழுத்தில், அதாவது பழைய தமிழ் பிராமியில், பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதிலும் மாங்குளம் குகைக் கல்வெட்டுக் காலத்து முறை. அதில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கோடுதான். கல் என்றும் படிக்கலாம், கால் என்றும் படிக்கலாம். இவருக்கு அந்தக் குழப்பமே இல்லை. டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்கிறார். கீழடிப் பானை ஓட்டில் 'குவிரன் ஆதன்' என்று பெயர் கீறியிருக்கிறதில்லையா, அதே மாதிரி இவருடைய சாப்பாட்டு டப்பாவிலும் கீறிக் கொடுத்தேன். ஆபீஸில் அதை ஏதோ மந்திரத் தகடு என்று நினைத்து இப்போது யாரும் இவருடைய வத்தக்குழம்பில் கை வைப்பதில்லையாம். தொல்லியலால் இந்த வீட்டுக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான்.

பேரனுக்கு மெசப்பொட்டேமியாவின் 'ஊர்' என்ற நகரத்து விளையாட்டு. அகழ்வாராய்ச்சியாளர் லியோனர்ட் வுல்லி 1920-களில் அந்த நகரத்து அரச கல்லறைகளில் தோண்டி எடுத்த பலகை. வயது 4,500 ஆண்டுக்கு மேல். அட்டையில் 20 கட்டம் வரைந்தேன். நம் தாயம் மாதிரி ஓட்டப்பந்தயம்தான், பூப்போட்ட கட்டத்தில் காய் விழுந்தால் இன்னொரு தடவை உருட்டலாம். கி.மு. 177-இல் பாபிலோனில் ஒருவர் இந்த ஆட்டத்தைப் பற்றிக் களிமண் பலகையில் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்து விதிகளைச் சொன்னவர் பிரிட்டிஷ் மியூசியத்து இர்விங் ஃபின்கல். இதே 20 கட்ட ஆட்டத்தைக் கொச்சி யூதர்கள் போன நூற்றாண்டு வரை விளையாடியிருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. பேரனுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. பாட்டி தோற்றால் போதும்.

பாபிலோனியச் சமையலும் நடந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் களிமண் பலகைகளில் பெரும்பாலும் கறிக்குழம்புதான். கறி சேராத ஒன்றைத் தேடிப் பிடித்தேன்: லீக் (வெங்காயத்தாள் மாதிரி ஒன்று), கொத்துமல்லி, உப்பு, காய்ந்த புளித்தமாவு ரொட்டி. இவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ரசத்தில் பிரெட் விழுந்துவிட்டதா?" என்றார். அதோடு பாபிலோன் கடையைச் சாத்தியாயிற்று.

காசுப் பைத்தியம் மட்டும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. ஆனால் ரயில் யஷ்வந்த்பூரைத் தாண்டும்போதெல்லாம் பக்கத்து சீட்காரரிடம் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. 1891-இல் அங்கே ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன, அகஸ்டஸ், திபேரியஸ் முதலான பேரரசர்கள் காலத்தவை. 1965-இல் எச்.ஏ.எல். விமான நிலையத்துப் பக்கமும் ஒரு குவியல். கி.பி. 64-இல் நீரோ காசில் வெள்ளியைக் குறைத்தான். அதற்குப் பிந்திய வெள்ளிக் காசுகள் தென்னிந்தியக் குவியல்களில் அபூர்வம். நம் வியாபாரிகள் உரசிப் பார்க்காமல் எதையும் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று நினைத்தால் உன் மாமனார் ஞாபகம்தான் வருகிறது.

இனி கல் விஷயம். பி. எல். ரைஸ் 1905-இல் வெளியிட்ட எபிகிராபியா கர்நாடிகா 9-ஆம் தொகுதி பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டுகள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கல் இன்னும் இருக்கிறது, எது போய்விட்டது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுகிறேன். கூட வருவது எதிர்வீட்டு சரோஜம்மா. கன்னட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கன்னட வரியை அவர் படிப்பார், தமிழ் வரியை நான். தொம்மலூர் சொக்கநாதர் கோயில் சுவரில் 'சொக்கப்பெருமாள்' என்று தமிழில் இருப்பதை நான் எழுத்துக்கூட்டிப் படித்தபோது என்னைவிட அவருக்குத்தான் பெருமை. மடிவாளா சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு. வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தைக் கொடுத்ததாகச் சொல்கிறது. இந்தப் பக்கத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் சிலவற்றில் ஹொய்சள ராமநாதன் பெயர் வரும். அவன் யார் தெரியுமா? உன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், சமயபுரத்துப் பக்கம் கண்ணனூரில் உட்கார்ந்துகொண்டு ஆண்டவன். நீ வாராவாரம் மாரியம்மனுக்கு எலுமிச்சை மாலை போட்டுவிட்டு, பக்கத்தில் போஜீசுவரர் கோயிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறுகிறாயே, அதே கண்ணனூர்.

நகரத்தின் கிழக்கே, மகள் வீட்டுக்குப் பக்கத்து ஏரிக்கரையில் ஒரு வீரக்கல், அதாவது சண்டையில் செத்தவனுக்கு நட்ட நடுகல், கிடந்தது. இடுப்பு உயரம். கீழே சண்டை, நடுவில் செத்தவனை இரண்டு தேவமகளிர் தூக்கிக்கொண்டு போகிறார்கள், மேலே லிங்கத்துக்கு முன்னால் அவன் உட்கார்ந்திருக்கிறான். வழக்கமான மூன்று அடுக்கு. ஓரத்தில் மாட்டுத் தலைகள் தெரிந்ததால் ஆநிரை மீட்கப் போனவன் என்று நினைக்கிறேன். எழுத்து ஒன்றுகூட இல்லை. மாலையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன், கீறல்கூட இல்லை. அந்த மனையில் வீடு எழும்ப வேண்டும் என்று மண்ணைச் சமப்படுத்த ஆரம்பித்தார்கள். கல்லைப் புரட்டிச் சாக்கடைக்கு மேலே குப்புறப் போட்டு, அதன் மேல் சிமென்ட் மூட்டையைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.

நான் போன் போடாத இடம் இல்லை. ஒரு அலுவலகத்தில் எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி: "எழுத்து இருக்கிறதா?" இல்லை என்றதும் அவர் குரலே மாறிவிட்டது. அடுத்து, நம் தமிழ்ச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறாரே, தினமும் காலையில் சுமேரியாவைத் தமிழ்நாட்டோடு இணைத்து ஃபார்வர்டு அனுப்புகிறவர், அவரிடம் சொன்னேன். "தமிழா கன்னடமா?" என்றார். தெரு முனையில் கொடி கட்டியிருக்கும் பையன்களும் அதே கேள்வியைக் கன்னடத்தில் கேட்டார்கள். கல் உடைந்ததா, முழுசாக இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை, வசந்தா. தமிழ் என்றால் ஒரு கூட்டம் வந்திருக்கும், கன்னடம் என்றால் இன்னொரு கூட்டம். இவன் பாவம், இரண்டு பேருக்கும் பிரயோஜனம் இல்லாதவன்.

இது எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்துகிறது. தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்களை நமக்கெல்லாம் தெரியும், ஏனென்றால் அவற்றில் ஒன்றில் தமிழி எழுத்தில் 'ஆகோள்', அதாவது மாடு கவர்தல், என்று இருக்கிறது. பேகூரில் கி.பி. 890 வாக்கில் எழுதிய கல்லை இந்த ஊர் கொண்டாடுகிறது, பெங்களூரு என்ற பெயர் அதில் இருக்கிறது. ஹெப்பாளில் 2018-இல் தெரியவந்த கித்தய்யன் கல், கங்கர் ஸ்ரீபுருஷன் காலத்தது. ஆர்வலர்கள் அதைக் காப்பாற்றி, இப்போது அது மண்டபத்தில் இருக்கிறது. எல்லாம் நல்லதுதான், நானே போய்ப் படம் எடுத்தவள்தான். ஆனால் அதே காலத்தில், அதே மாதிரி ஒருவன் சண்டையில் செத்து, வீட்டாருக்கு எழுதத் தெரிந்த ஆளைக் கூப்பிட வசதி இல்லாமல் போயிருந்தால்? எழுத்துள்ள கல்லுக்குத் தொகுதியில் எண் இருக்கிறது. இவனுக்கு எண்ணும் கிடையாது; காணாமல் போனாலும் போனது என்று சொல்ல ஒரு காகிதம் இருக்காது. இத்தனை வருஷம் நானும் எழுத்தைத் தேடித்தான் அலைந்தேன், எழுத்தில்லாத கல்லைப் பார்த்தால் ஒரு படத்தோடு நகர்ந்துவிடுவேன். இனி அவற்றைத்தான் தேடப் போகிறேன். கேட்டாயே, ஒன்றில் நில் என்று. நின்றுவிட்டேன்.

கடைசியில் சரோஜம்மாதான் வழி கண்டுபிடித்தார். மனைக்காரரை விட்டுவிட்டு நேராக அவருடைய தாயாரிடம் போய் உட்கார்ந்தார். அந்த அம்மா சின்ன வயதில் மாட்டுப்பொங்கல் சமயத்தில் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசியவராம்! மகனைக் கூப்பிட்டு ஒரு சத்தம் போட்டார். வாசல் பக்கம் ஒரு மூலையைக் கொடுத்தார்கள். ஆனால் கிரேன் கூலி, பீடத்துக்குச் சிமென்ட், ஆள் கூலி எல்லாம் உங்கள் பொறுப்பு என்று மகன் கையைக் கழுவிவிட்டார். அங்கேதான் ஹம்பி போயிற்று.

தொல்காப்பியத்தில் நடுகல் நடும் முறைக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று மனப்பாடம் செய்து ராஜம் மிஸ்ஸிடம் குட்டு வாங்கினோமே, அத்தனையும் அன்றைக்கு வரிசையாக நடந்தது. நீர்ப்படைக்குத் தண்ணீர் லாரி. நடுதலுக்கு ஒரு பிஹார்ப் பையன் கிரேன் ஓட்டினான். பெரும்படைக்கு அந்த அம்மா சர்க்கரைப்பொங்கல் வைத்தார். வாழ்த்தல் மட்டும் இடித்தது. விளக்கு ஏற்றும்போது இவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட என்று அந்த அம்மா என்னைக் கேட்டார், நீதானே படித்தவள் என்று. இல்லாத பெயரை நான் எப்படி வைப்பேன்? தெரியாது அம்மா என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அது திருப்தியாக இல்லை. எனக்கும்தான்.

இப்போது அடுத்த கவலை: பூசாரி ஒருவர் அதற்கு எண்ணெய் ஊற்றி, வெள்ளிக்கண் ஒட்டி, பெயின்ட் அடிக்கலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார். மஞ்சளோடு நிறுத்துங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். அதற்குள் எல்லாப் பக்கமும் அளந்து, படம் எடுத்து, வரைந்து வைத்துவிட வேண்டும். என் படம் வரையும் லட்சணம் உனக்குத் தெரியும். தாவரவியல் ரெக்கார்டு நோட்டில் எனக்கும் சேர்த்து வரைந்து கொடுத்தவள் நீ. அதனால் ஹம்பியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளு, பேறுகாலம் முடிந்ததும் இங்கே வா. மைசூர் வண்டியில் ஏறினால் மாறாமல் வரலாம். வரைபடத் தாளும், உன்னிடம் இருக்கும் அந்த மென்மையான பெரிய பிரஷ்ஷும் கொண்டு வா. அதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை போஜீசுவரர் கோயிலுக்குள் போய், சுற்றி எழுத்தில்லாத கல் ஏதாவது சாய்ந்து கிடக்கிறதா பார்த்து எழுது.

அத்தானிடம் பணக்கதையை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. கணக்கு கேட்டால் கிரேன்காரன் கொடுத்த ரசீது என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன்.

அன்புடன்,
கௌரி