கையில் எடுத்துப் பார்த்தேன், கண்ணு

ஆவாரம்பாளையம், கோவை
ஆடி மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

நீ கொடுத்தனுப்பிய நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 வீடியோ கேம் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்து இருபது நாளாகிறது. "பிரிச்சீங்களாப்பா? எப்படிப்பா இருக்குது?" என்று நீ போனில் மூன்று தடவை கேட்டாய். நான் ம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உனக்கு வெசனமாக இருந்திருக்கும். ஒரு ஜாப், அதாவது செய்ய வேண்டிய சாமான், கைக்கு வந்தால் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, அளவு எடுத்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்பது பட்டறைப் பழக்கம். இப்போது பார்த்துவிட்டேன், எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கைப்பிடிகள். நீ முன்பு லீவுக்கு வந்தபோது வைத்திருந்த பழைய ஸ்விட்சில், ஜாய்கான் என்கிற இந்தக் கைப்பிடியை மேலிருந்து தண்டவாளத்தில் இறக்குவதுபோல இறக்கவேண்டும். உரசி உரசி உட்காரும் எதுவும் ஒருநாள் தேயும், ப்ளே விழும், அதாவது லொடலொடவென்று ஆடும் என்று அன்றைக்கே நினைத்தேன். இந்த ஸ்விட்ச் 2-இல் காந்தம் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் கொண்டுபோனதும் டக்கென்று இழுத்து உட்கார்ந்துகொள்கிறது. ஆட்டிப் பார்த்தேன், முறுக்கிப் பார்த்தேன், ப்ளே இல்லை. கழற்றுவதற்குப் பின்பக்கம் ஒரு விசை. அதை அமுக்கினால் உள்ளிருந்து ஒரு சின்ன முளை வந்து கைப்பிடியைத் தள்ளிவிடுகிறது. காந்தத்தோடு நாம் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஒட்டவைப்பது எளிது, கழற்றுவதை யோசித்தவன்தான் வேலைக்காரன். விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் பிசிறு இல்லை.

அப்புறம் டாக், அதாவது டிவியோடு சேர்க்கிற கூடு. கையில் இருக்கும்போது 7.9 அங்குலத் திரை, 1080பி துல்லியம், நொடிக்கு 120 படம் வரை. டாக்கில் செருகி டிவியில் விட்டால் துல்லியம் இன்னும் ஏறி 4கே வரை போகிறது. ஒரே சாமான் எப்படி இரண்டு மாதிரி ஓடுகிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். பேட்டரியில் ஓடும்போது சூடு ஏறாமலும் சார்ஜ் சீக்கிரம் தீராமலும் இருக்க சிப்பின் வேகத்தைப் பிடித்து வைக்கிறார்கள். டாக்கில் உட்கார்ந்ததும் நேர் கரண்ட் கிடைக்கிறது, காற்றுக்கு டாக்கிலேயே ஒரு விசிறி இருக்கிறது, அதனால் வேகத்தை அவிழ்த்துவிடுகிறார்கள். சிங்கிள் பேஸில் இழுக்கிற அளவுக்கு இழுத்துவிட்டு, மூணு பேஸ் வந்ததும் முழு லோடு எடுக்கிற மாதிரி என்று உங்கம்மாவுக்குச் சொன்னேன். அவளுக்கு உடனே புரிந்தது.

போன வாரம் ஆடிக்காற்றுக்குக் கரண்ட் போய்விட்டது. மரியோ கார்ட் வேர்ல்ட் என்கிற வண்டிப் பந்தய விளையாட்டு ஓடிக்கொண்டிருந்த டிவி அணைந்தது. உங்கம்மா "அடக் கடவுளே, நான் ரெண்டாவதா போயிட்டிருந்தேனே" என்றாள். டாக்கிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தேன். விட்ட இடத்திலேயே வண்டி நின்றது. ஆசாரத்தில் இருட்டில் உட்கார்ந்து அந்தப் பந்தயத்தை முடித்தாள்.

அந்த மரியோ கார்ட் வேர்ல்டில் 24 பேர் ஒட்டுக்கா ஓடுகிறார்கள். அத்தனை ஆட்களில் உங்கம்மா தேர்ந்தெடுத்தது மாட்டை! மாடு வண்டியில் ஏறி ஓட்டுகிறது. காங்கேயத்துப் பக்கம் பிறந்து, சின்ன வயசில் அண்ணன்மாரோடு போய் இருநூறு மீட்டர், முந்நூறு மீட்டர் ரேக்ளா பார்த்தவள் வேறு எதை எடுப்பாள்? "பொட்ட மாடு, ஆனா நல்லா வருதுங்" என்கிறாள். ஓரத்தில் விழாமல் வண்டியை அதுவே திருப்பிக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறது. முதல் நாலு நாள் அதைப் போட்டுக்கொடுத்தேன். இப்போது வேண்டாம் என்று அவளே எடுத்துவிட்டாள்.

என் இடது கை ஆள்காட்டி விரல் உனக்குத் தெரியும். லேத்தில் போன நுனிக்கு அந்தப் பக்கத்து மேல் பட்டன் சரியாக எட்டவில்லை. இது நமக்கு ஆகாது என்று வைத்துவிட்டேன். மறுநாள் செட்டிங்கில் துழாவினால், ஒரு பட்டனின் வேலையை வேறு பட்டனுக்கு மாற்றிக்கொள்ள இடம் விட்டிருக்கிறார்கள். மாற்றினேன். ஓட்டுகிறேன். எனக்கு அன்று இராத்திரி நெஞ்சு நிறைந்துபோயிற்று, கண்ணு. முழுக் கை இல்லாதவனையும் நினைத்து எங்கோ ஒருவன் வரைந்திருக்கிறானே. 1889-இல் கியோட்டோவில் பூப்போட்ட சீட்டுக்கட்டு செய்து தொடங்கிய கம்பெனியாம் நிண்டெண்டோ. கையால் விளையாடுகிற சாமானையே நூறு வருஷத்துக்கு மேல் செய்தவர்களுக்குக் கையைத் தெரிந்திருக்கிறது.

குறை என்றால் எடை. கைப்பிடியோடு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். படுத்துக்கொண்டு பிடித்தால் என் மணிக்கட்டு நோகிறது. பின்னால் இருக்கும் தாங்கியை விரித்து மேசையில் வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. உனக்கு ஒன்பது வயசு. அத்தை வீட்டில் பசங்க டிவியில் கேசட் போட்டு விளையாடுவார்கள். நீ கதவோரம் நின்று பார்ப்பாய். ஒருநாள் உனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டாய். "பொட்டப்புள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு, கண்ணு கெட்டுப்போகும்" என்றேன். அந்த ரிமோட்டை நான் ஒரு தடவைகூடக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. பட்டறையில் ஒரு பையன் அப்படி அளக்காமல் ஜாப்பைத் தள்ளியிருந்தால் விட்டிருப்பேனா? உன்னிடம் அதைச் செய்தேன். நீ திரும்பக் கேட்கவே இல்லை. படித்து, வேலைக்குப் போய், உன் காசில் 469.99 யூரோ கொடுத்து வாங்கி, முதலில் எனக்கு அனுப்பியிருக்கிறாய். என்னை மன்னித்துவிடு, சாமி.

ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு ஒறம்பரை வந்திருந்தார்கள். அத்தையும் பேரன் பேத்தி எல்லாரோடும் வந்தாள். பையன்கள் டிவி முன்னால் இடம் பிடித்துவிட்டார்கள். சின்னவள் கதவோரம் நின்றாள். நான் அவளைக் கூப்பிட்டு முதல் கைப்பிடியை அவளிடம் கொடுத்தேன். ஏழாவதாக வந்தாள். இறங்கமாட்டேன் என்று இன்னொரு ஆட்டம் போட்டாள்.

வலது கைப்பிடியில் சி என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதை அமுக்கினால் விளையாடிக்கொண்டே உன்னோடு பேசலாமாம், மைக் உள்ளேயே இருக்கிறதாம். அதை எப்படிச் சேர்ப்பது என்று போனில் சொல்லித்தா. அடுத்த ஞாயிறு உனக்குச் சாயங்காலம் ஐந்து மணி, எங்களுக்கு எட்டரை. உங்கம்மா சாப்பாட்டை ஏழரைக்கே முடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். மாட்டை நீ எடுக்கக்கூடாதாம், அது அவளுக்குத்தானாம்.

அன்புடன்,
அப்பா