போதும் என்ற சொல்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே அறுவடை நேரம். பாதிப் பிள்ளைகள் தலையில் வைக்கோல் தூசியோடுதான் பள்ளிக்கு வருகிறார்கள்.

வட்டார வள மைய ஆசிரியர் பயிற்சியில் அமைதி, அளவு, பாதுகாப்பு பற்றி உன்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், சின்னப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். நான் ஒரே ஒரு சொல்லில் தொடங்கினேன்: 'போதும்'.

போன ஜூலையில் இடைவேளை நேரம். வேப்பமரத்தடியில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பிடித்து வைத்துக்கொண்டு இரண்டு பேர் கிச்சுகிச்சு மூட்டினார்கள். அவன் சிரிக்கிறான், கண்ணில் தண்ணீர், "வேணாண்டா, போதும்டா" என்கிறான். "சிரிக்கிறான் டீச்சர், அவனுக்குப் பிடிச்சிருக்கு" என்றான் மற்றவன். அந்தப் பதில் என்னை உலுக்கிவிட்டது. நாளைக்கு ஒரு பெரிய ஆளும் இதையேதான் சொல்வான், இல்லையா?

அன்றே வகுப்பில் ஒரு விதி வைத்தோம். யார் 'போதும்' என்றாலும், சிரித்துக்கொண்டு சொன்னாலும், கை உடனே இறங்க வேண்டும். எனக்கும் அதே விதிதான். ஒரு பெண்ணின் கன்னத்தைத் தட்டினேன், "போதும் டீச்சர்" என்றாள். கையை எடுத்தேன். வகுப்பு முழுக்க ஒரே கைதட்டல்! விதி அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது. அடிதடி பாதியாகக் குறைந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் சண்டை வந்தால் என்னிடம் ஓடி வருமுன் அவர்களே அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்கிறார்கள்.

சாப்பாட்டிலும் இதைப் பார்த்தேன். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தபோது முதல் வாரம் தட்டு வழிய உப்புமா வாங்கிப் பாதியைக் கொட்டினார்கள். அதட்டவில்லை. "கொஞ்சம் வாங்கு, மறுபடி கேட்டால் தருவாங்க" என்று ஆயாவையே சொல்லச் சொன்னேன். நாளைக்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும் பிள்ளைகளே கை காட்டி நிறுத்தினார்கள்.

வீட்டில்தான் சிக்கல். கன்னத்தைக் கிள்ளிய மாமாவிடம் ஒரு சிறுமி 'போதும்' என்றிருக்கிறாள். மறுநாள் அவள் பாட்டி வந்து, "மரியாதையைக் கெடுத்துட்டீங்களே டீச்சர்" என்று கோபித்தார். திண்ணையில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பெரியவர்கள் என்ன சொன்னாலும் தலையாட்டப் பழக்கிவிட்டு, தப்பான ஆள் வந்தால் மட்டும் மறுத்துப் பேசு என்றால் அந்தப் பிள்ளை எப்படிப் பேசும் பாட்டி என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. 2009-இல், வேறு ஊரில் வேலை பார்த்தபோது ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி, "டியூஷனுக்குப் போக மாட்டேன் டீச்சர்" என்று அழுதாள். படிக்கச் சோம்பல் என்று அதட்டி அனுப்பினேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருஷம் அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது. அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதனால் பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களிடம் இதை அழுத்திச் சொல். பிள்ளை ஒன்றைச் சொன்னால் முதலில் நம்ப வேண்டும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டப்படி, அப்படி ஒன்று தெரிந்த பிறகு காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை, மறைத்தால் குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதினால் மட்டும் போதாது, பாட்டாகவே பாடவை. 'கெட்ட தொடுதல்' என்ற சொல்லையும் நான் விட்டுவிட்டேன். தனக்கு நடந்தது கெட்டது என்றால் தானும் கெட்ட பிள்ளை என்று குழந்தை நினைத்துவிடுகிறது. 'பாதுகாப்பான', 'பாதுகாப்பில்லாத' என்றே சொல்கிறேன்.

உள்ளங்கையைத் தாளில் வைத்து வரைந்து, ஒவ்வொரு விரலிலும் நம்பிச் சொல்லக்கூடிய ஒருவரை எழுதச் சொன்னேன். வேப்பமரத்தடிப் பையன் அம்மா, சத்துணவு ஆயா, பக்கத்து வீட்டு அக்கா என்று மூன்று விரலில் எழுதினான். இரண்டு காலி. "யாரையாவது எழுதேன்" என்று தொடங்கினேன், அவன் "போதும் டீச்சர்" என்றான். அப்படியே சுவரில் ஒட்டியிருக்கிறேன். அந்த மூவரையும் தனித்தனியாகப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டேன்.

பயிற்சி எப்படி நடந்தது என்று எழுது.

அன்புடன்,
உன் தோழி