கஞ்சியில் குறை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழ் வேளாண் பக்கத்தில், பயறு வகைச் செடியின் வேரில் முடிச்சு போட்டுக் காற்றுத் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியாவான ரைசோபியம் உயிர் உரம் பலன் தராமல் போவதற்கு 'விவசாயிகளின் அலட்சியமே காரணம்' என்று ஒரு வரி படித்தேன். எழுதியவர் எந்த வயல் வரப்பில் நின்று எழுதினாரோ!

முப்பது வருடமாக நெல் தரிசில், அதாவது நெல் அறுக்கும் முன்பே அந்த ஈர வயலில், உளுந்து தெளிக்கிறேன். ரைசோபியத்தை விதையில் ஒட்டவைக்கும் கஞ்சி ஆறிய பிறகுதான் பொட்டலத்தைப் பிரிப்பேன். பூஞ்சாணக் கொல்லி கலந்தால் ஒரு நாள் விட்டுத்தான் ரைசோபியம். விதை உலரும்போது வெயில் திரும்பிவிட்டதென்று குடை பிடித்து நின்றதை வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கடந்த தையில் வாங்கிய பொட்டலங்கள் கடையின் தகரக் கூரைக்குக் கீழே, யூரியா மூட்டைகளின் மேல் கிடந்தவை. ஒன்று உப்பியிருந்தது. பிரித்தால் புளித்த மாவு வாடை. கரித்தூளுக்குள் வெள்ளை நூலாகப் பூஞ்சை. மாற்றித் தரக் கேட்டேன். "உயிர் உரத்தில் உயிர் இருக்கத்தானே செய்யும்" என்றார் கடைக்காரர். அறுவடை இயந்திரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, வேறு கடை தேட நேரமில்லை. அதையே கலந்தேன்.

முப்பதாம் நாள் நாலு செடிகளை மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசினேன். வேருக்கு இரண்டு மூன்று முடிச்சு. வேலை செய்யும் முடிச்சென்றால், நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டாமா? வெளிறிக் கிடந்தது. எதுவுமே கலக்காத பக்கத்து வயல்காரர் செடியிலும் அதே கதைதான். எனக்குக் கஞ்சி மட்டும் கூடுதல் செலவு.

தங்களுக்குத் தெரியாததில்லை. 2006 முதல் உயிர் உரமும் மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டது. தூள் வகையில் கிராமுக்கு 5 கோடி ரைசோபியம் உயிரோடு இருக்க வேண்டும். 200 கிராம் பொட்டலத்தில் ஆயிரம் கோடி! ஒரு லட்சம் மடங்கு நீர்க்கச் செய்து பார்த்தால் வேற்றுக் கிருமி தென்படக் கூடாது. ரைசோபியத்தைக் கலந்து அடைக்கும் நிலக்கரித் தூளைச் சரியாகக் கிருமி நீக்காமல் அடைத்தால் அதிலிருக்கும் கண்ட கிருமியும் பெருகி ரைசோபியத்தை அமுக்கிவிடும். இதில் என் அலட்சியம் எங்கே வந்தது?

பொட்டலத்தை வேளாண் அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். உர ஆய்வாளர் எடுத்தால்தான் சோதனைக்கான மாதிரியாம். நான் எடுத்தால் குப்பை. யூரியா கேட்டால் கேட்காத புட்டிகளையும் தலையில் கட்டுகிறார்களே, அதைப் பற்றி இரண்டு வருடம் முன்பு தங்களுக்கு எழுதிய கடிதமும் அந்தக் குப்பையோடுதான் போயிருக்கும் போலிருக்கிறது.

விவசாயி தானே பணம் கட்டிப் பொட்டலத்தைச் சோதித்துக்கொள்ள எந்த ஆய்வகத்துக்குப் போக வேண்டும் என்று முகவரியோடு ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள், போதும். இடம் இல்லையென்றால் கட்டுரையாளரின் புகைப்படத்தைச் சற்றுச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உளுந்து விவசாயி ஒருவர்,
மன்னார்குடி வட்டம்.