ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு வட்டம் போட்டு அனுப்புங்கள்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். இந்த முறை தேர்வைப் பற்றியோ வருகைப் பதிவைப் பற்றியோ எழுதவில்லை. வீட்டுப்பாடத்தில் சந்தேகம் வந்தால் பிள்ளைகள் ஆசிரியர்களுக்கு அனுப்புகிற ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றி எழுதுகிறேன். பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் மாலை வேளைகளில் ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் நிறைய நேரத்தை வீணாக்குவது இதுதான்.

பெரும்பாலும் வருவது இப்படி இருக்கும்: கணினித் திரை முழுவதும் ஒரு படம், கீழே "மிஸ், இது வரல" என்று ஒரு வரி. எது வரவில்லை? படத்தில் மெனுக்கள், பொத்தான்கள், பாதி எழுதிய நிரல், மூலையில் ஒரு பிழைச் செய்தி என்று எல்லாமே இருக்கின்றன. ஆசிரியர் பெரிதாக்கிப் பார்த்து, "எந்த இடம்மா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருப்பார். பதில் வருவதற்குள் பிள்ளை தூங்கப் போயிருக்கும்.

சென்ற மாதம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி விரிதாள் ஒன்றின் படத்தை அனுப்பியிருந்தாள். ஒரே ஒரு கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், அதை நோக்கி ஓர் அம்பு. கணக்கு ஆசிரியர் பார்த்தவுடனே சூத்திரத்தில் அடைப்புக்குறி விடுபட்டிருப்பதைச் சொல்லிவிட்டார். மறுநாள் அவளைப் பாராட்டியபோது, "வட்டத்தை எங்க போடுறதுன்னு தேடினப்பவே பாதி புரிஞ்சிடுச்சு மிஸ்" என்றாள். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்தப் பதில்தான். வட்டம் போட வேண்டுமென்றால் முதலில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பிள்ளையே முடிவு செய்ய வேண்டும். கேள்வி கேட்கக் கற்றுக்கொள்வதில் பெரும்பகுதி அதுதான்.

இதற்காக எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டாம். விண்டோஸ் கணினி என்றால் பெயிண்ட் அதிலேயே இருக்கிறது. விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, வேண்டிய பகுதியை மட்டும் பிடித்து, பெயிண்டில் ஒட்டி, வடிவங்களில் வட்டத்தையோ அம்பையோ எடுத்து இழுத்தால் முடிந்தது. மேக்கில் அதனுடனேயே வரும் பிரிவியூ இதே வேலையைச் செய்யும். கைபேசியிலேயே பிடித்த படம் என்றால் அதன் எடிட் வசதியில் விரலால் வட்டம் போட்டாலும் போதும். கோணலாக இருந்தால் பரவாயில்லை.

இனி ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள். நம் கணினி அறையில் இருப்பது அது என்பதால் பல பிள்ளைகள் வீட்டிலும் அதையே நிறுவியிருக்கிறார்கள். "இவ்வளவு பெரிய மென்பொருளில் ஒரு வட்டம் போட வழியில்லையே" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. 1995இல் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு கல்லூரி மாணவர்கள் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் அது. (இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், மாணவர்கள் செய்தது என்றால் அவர்களுக்குத் தனி ஆர்வம் வரும்.) ஜிம்ப் முதன்மையாக ஒளிப்படங்களைத் திருத்துவதற்கு உருவானது. அதற்குப் படம் என்பது புள்ளிகளின் கூட்டம். அதனால் நம் அறையில் உள்ள பதிப்பில் வட்டம் வரைவதற்கென்று தனிக் கருவி கிடையாது. ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அதன் விளிம்பில் கோடு போடச் சொல்ல வேண்டும்.

செய்முறை இதுதான். படத்தைத் திறந்தவுடன் புதிதாக ஒரு லேயர் (படத்தின் மேல் கண்ணாடித்தாள் போல் கிடக்கும் தனி அடுக்கு) சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் வட்டம் தவறான இடத்தில் விழுந்தாலும் கீழே உள்ள படம் கெடாது. முன்புற நிறத்தைச் சிவப்பாக்குங்கள். நீள்வட்டத் தேர்வுக் கருவிக்கு ஆங்கில 'இ' (E) விசை, செவ்வகத்துக்கு 'ஆர்' (R) விசை. வேண்டிய இடத்தைச் சுற்றி இழுங்கள். சரியான வட்டம் வேண்டுமென்றால் ஷிஃப்ட் விசையை இழுக்கத் தொடங்கிய பிறகு அழுத்த வேண்டும். முன்கூட்டியே அழுத்தினால், ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்த பகுதியோடு இதையும் சேர்ப்பதாக ஜிம்ப் எடுத்துக்கொள்ளும். பிள்ளைகள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். பிறகு எடிட் மெனுவில் 'ஸ்ட்ரோக் செலக்‌ஷன்', அதில் கோட்டின் தடிமன் 4 முதல் 6 பிக்சல் (படப்புள்ளி). கடைசியாக செலக்ட் மெனுவில் 'நன்' (None) கொடுத்தால் தேர்வைச் சுற்றி ஊர்ந்துகொண்டிருக்கும் கோடுகள் போய்விடும். நான்கைந்து முறை செய்த பிறகு அரை நிமிடம்கூட ஆகாது.

அம்புதான் ஜிம்பில் சற்றுச் சிரமம். தூரிகைக் கருவியால் ஓரிடத்தில் கிளிக் செய்து, ஷிஃப்டை அழுத்தியபடி இன்னோரிடத்தில் கிளிக் செய்தால் நேர்கோடு வரும். அம்பின் தலைக்கு இன்னும் இரண்டு சிறிய கோடுகள் போட வேண்டும். இதற்காக மெனக்கெட வேண்டாம் என்பது என் கருத்து. ஜிம்பில் வட்டமோ கட்டமோ போதும். அம்புகள் நிறைய வேண்டியிருக்கும் திட்டப்பணிகளுக்கு இங்க்ஸ்கேப்போ லிப்ரே ஆபீஸ் டிராவோ போன்ற வரைகலை மென்பொருள்கள் பொருத்தமானவை. இரண்டும் இலவசம். அவற்றில் வரையும் வடிவம் தனிப்பொருளாகவே இருக்கும். பிறகு எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம், நிறம் மாற்றலாம். தினசரிச் சந்தேகத்துக்கு அதைவிட எளியது, திரையைப் படம் பிடிக்கும் ஃபிளேம்ஷாட் என்ற மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். படம் பிடித்த அந்த நொடியிலேயே அம்பு, கட்டம், வட்டம் எல்லாம் திரையில் வந்துவிடும். 1, 2, 3 என்று வரிசையாக எண் போடும் கருவியும் உண்டு. "முதலில் இதை அழுத்தினேன், அப்புறம் இது வந்தது" என்று காட்ட அருமையானது. எதை நிறுவினாலும் அந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்புகளைப் பிள்ளைகள் அவசரத்தில் அழுத்திவிடுகிறார்கள். முதல் தடவையாவது பக்கத்தில் இருங்கள்.

குறிகள் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். ஐந்து வட்டம் போட்ட படமும் ஒன்றுமே போடாத படமும் ஆசிரியருக்கு ஒன்றுதான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் சிலருக்குச் சிரமம் உண்டு, அதனால் "பச்சை வட்டம் சரி, சிவப்பு வட்டம் தவறு" என்று நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். எண் போடுங்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். பிள்ளைகள் அனுப்பும் படங்களில் உங்கள் மின்னஞ்சல் முகவரி, கைபேசி எண், வீட்டு விலாசம், மற்ற டேப்களின் தலைப்புகள், சில நேரம் கடவுச்சொல்லே கூடத் தெரிகிறது. வகுப்புக் குழுவில் ஒருமுறை போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது. மறைக்க வேண்டியதை மங்கலாக்கி அனுப்புவது போதாது. சிறு எழுத்துகளையும் எண்களையும் கட்டம் கட்டமாகச் சிதைத்தாலும், அவை என்னவாக இருக்கும் என்று கண்டுபிடிக்க வழிகள் உள்ளன. கைபேசியில் கறுப்பு ஹைலைட்டரால் தேய்ப்பதும் ஆபத்து. அந்த மை பாதி ஒளி ஊடுருவும் தன்மை கொண்டது, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரிந்துவிடலாம். முழுக் கறுப்பு நிறம் நிரப்பிய செவ்வகம்தான் சரி. அதையும் பிஎன்ஜி (PNG) என்ற கோப்பு வடிவில் படமாக ஏற்றுமதி செய்தே அனுப்ப வேண்டும். ஜிம்பில் 'சேவ்' கொடுத்தால் லேயர்களோடு அதன் சொந்தக் கோப்பு உருவாகும். அதை அப்படியே அனுப்பினால், கறுப்புக் கட்டம் தனி லேயரில் இருக்கும்பட்சத்தில் பெறுபவர் அதை நீக்கிவிட்டு அடியில் இருப்பதைப் பார்க்கலாம். 'எக்ஸ்போர்ட்' கொடுக்க வேண்டும். இங்க்ஸ்கேப், டிரா கோப்புகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஓரத்தை வெட்டிவிட்டோம், அதனால் மறைந்துவிட்டது என்றும் முழுதாக நம்ப முடியாது. 2023இல் கூகுளின் பிக்சல் கைபேசிகளில் படம் திருத்தும் மார்க்அப் கருவியிலும், விண்டோஸ் 11இல் திரையைப் படம் பிடிக்கும் ஸ்னிப்பிங் டூலிலும் ஒரு குறை வெளிவந்தது. வெட்டிச் சேமித்த படத்தின் கோப்புக்குள் பழைய படத்தின் ஒரு பகுதி அப்படியே தங்கியிருந்தது. அதை மீட்டெடுக்கவும் முடிந்தது. பிறகு சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் அனுப்பிய படங்கள் அனுப்பியவைதானே. ஆகவே கடவுச்சொல் தெரியும் திரையைப் படம் பிடிக்கவே வேண்டாம். முதலில் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, பிறகு பிடிக்கச் சொல்லுங்கள்.

ஜேபெக் வடிவில் எழுத்துகளின் ஓரம் கலங்கிப்போகும், பிஎன்ஜியில் தெளிவாக இருக்கும். திரையைக் கைபேசிக் கேமராவால் படம் எடுத்து அனுப்புவது கணினி உறைந்து நின்றால் மட்டும் போதும்.

வரும் திங்கள் முதல் ஒரு வாரம், பள்ளி முடிந்த பிறகு அரை மணி நேரம் கணினி அறை திறந்திருக்கும். கணினி ஆசிரியர் இதையெல்லாம் செய்து காட்டுவார். பிள்ளையோடு பெற்றோரும் வரலாம். வீட்டில் கணினி இல்லாதவர்கள் கைபேசியையே கொண்டு வாருங்கள், அதிலேயே காட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். ஜிம்ப்பைத் திறந்தாலே தமிழில் வர வேண்டும் என்று கேட்டவர்களுக்கு: அமைப்புகளில் மொழியை எங்கே மாற்றுவது என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்