சோதனை முகவருக்குத் தமிழில் ஒரு கையேடு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் உயர்தரம் முடித்துவிட்டு மென்பொருள் சோதனை பழகும் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் வகுப்பெடுத்து வருகிறேன். அவர்கள் இப்போது கையாளத் தொடங்கியிருக்கும் ஒரு கருவியைப் பற்றியும், அதற்குத் தமிழில் ஒழுங்கான கையேடு கைவசம் இல்லாமல் நாங்கள் பட்ட சிரமங்களைப் பற்றியும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2020 இல் வெளியிட்ட 'பிளேரைட்' என்ற திறந்த மூல மென்பொருள், குரோமியம், ஃபயர்பொக்ஸ், வெப்கிட் ஆகிய மூன்று வகை உலாவிகளையும் தானாக இயக்கி, ஓர் இணையத்தளம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கப் பயன்படுகிறது. செயற்கை நுண்ணறிவு முகவர்கள், அதாவது நாம் சொல்லும் வேலையைத் தாமே படிப்படியாகச் செய்யும் நிரல்கள், வெளிக் கருவிகளோடு பேசுவதற்கான பொதுத் தொடர்பு நெறிமுறையொன்றை அந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அந்த நெறிமுறையின் வழியே பிளேரைட்டை முகவர்கள் இயக்குவதற்கான இணைப்பு 2025 இல் வந்தது. முன்னர் நாங்கள் வரி வரியாக எழுதிய சோதனையை, "இந்தப் பதிவுப் படிவத்தைச் சோதித்துப் பார்" என்று சொன்னாலே முகவர் தானே எழுதி, தானே ஓட்டி, முடிவையும் சொல்லிவிடுகிறது.

முகவரும் நம்மைப் போலத் திரையைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது என்று என் மாணவர்கள் நினைத்திருந்தார்கள். வழக்கமான அமைப்பில் அது படத்தைப் பார்ப்பதில்லை. பார்வையற்றோரின் திரைவாசிப்பான்களுக்காக உலாவி ஆயத்தம் செய்து வைத்திருக்கும் 'அணுகல் மரம்' என்ற அமைப்பை, அதாவது இது ஒரு பொத்தான், இதன் பெயர் இன்னது, இது ஒரு பெட்டி, இதில் இன்னது எழுதப்பட்டுள்ளது என்று சொல்லும் எழுத்து வடிவத்தைத்தான் அது வாசிக்கிறது. இதை அறியாத மாணவி ஒருத்தி ஒரு மாலை முழுவதையும் இழந்தாள். திரையில் 'சமர்ப்பிக்க' என்ற பொத்தான் தெளிவாகத் தெரிகிறது. அப்படியொரு பொத்தானே இல்லை என்று முகவர் திரும்பத் திரும்பச் சொல்கிறது. கடைசியில் பார்த்தால் அந்தப் பக்கம் பாமினி எழுத்துருவில் அமைந்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது தமிழ். உள்ளே பதிந்திருந்தவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும். முகவர் சொன்னது சரிதான். பாமினியில் தட்டச்சுப் பழகிய ஒரு தலைமுறை வாழும் இந்த நாட்டில், கருவியோடு வரும் ஆங்கில ஆவணத்திலிருந்து இதை எந்தப் பிள்ளை தெரிந்துகொள்ள முடியும்?

ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொது முறையான யூனிகோட்டில் எழுதிய பக்கங்களிலும் கவனம் வேண்டும். 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், இரண்டாகப் பிரித்தும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சோதனைக்கு அவை வேறு வேறு.

இன்னொரு சம்பவம் என் மனதை இன்றும் உறுத்துகிறது. எங்கள் வகுப்பின் ஒன்லைன் பதிவுப் படிவத்தையே பயிற்சிக்காக முகவரிடம் கொடுத்தோம். அது பன்னிரண்டு இலக்கத் தேசிய அடையாள அட்டை எண்ணை இட்டுச் சோதித்தது, எல்லாம் பச்சை காட்டியது, நாங்களும் மகிழ்ந்தோம். மறுநாள் களுவாஞ்சிக்குடியிலிருந்து மகளைப் பதிய முயன்ற ஒரு தாயாரின் எண்ணைப் படிவம் ஏற்கவில்லை. அவருடையது, 2016 இற்கு முன்னர் வழங்கப்பட்ட, ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டை. மூன்று தரம் அடித்துப் பார்த்துவிட்டு அழைப்பெடுத்தவர், "நான்தான் பிழையா அடிக்கிறனோ, மனே?" என்று கேட்டார். பழைய அட்டையைப் பற்றி முகவரிடம் நாங்கள் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. தமிழில் எழுதப்படும் கையேடு, கட்டளைகளின் பெயர்களை மொழிபெயர்ப்பதோடு நிற்காமல், பழைய அட்டை எண், தலைப்பெழுத்தோடு மட்டும் எழுதப்படும் பெயர், குடும்பப் பெயர் என்ற பெட்டியில் எதை எழுதுவதென்று தெரியாமல் நிற்கும் மனிதர் என்று எங்கள் ஊரின் நடைமுறைகளை மாதிரிச் சோதனைகளாகக் காட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே.

தோல்வியடைந்த சோதனைகளைத் திருத்தித் தரும் முகவரும் 2025 இல் பிளேரைட்டுடன் சேர்ந்துவிட்டது. பொத்தானின் பெயர் மாறியதால் விழுந்த சோதனையை அது எழுப்பித் தருவது நல்ல உதவிதான். படிவமே பிழையாக இருக்கையில் சோதனையைத் திருத்தினால், பிழை மறைந்துபோகும். ஆகையால், முகவர் மாற்றிய ஒவ்வொரு வரியையும் ஒருவர் வாசித்த பின்னரே ஏற்க வேண்டும் என்பது கையேட்டின் முதற்பக்கத்தில் இருக்க வேண்டும்.

அதே பக்கத்தில் மற்றொன்றும் வர வேண்டும். முகவர் பிளேரைட்டை இயக்க உதவும் அந்த இணைப்பு, வேறுவிதமாகச் சொல்லாதவரை, உலாவியின் உட்புகு விபரங்களை அடுத்த முறைக்காகச் சேமித்து வைக்கும். ஒரே கணினியில் மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் பழகும் எங்கள் வகுப்பில், ஒருவர் திறந்த கணக்கு அடுத்தவரின் முகவரிடம் திறந்தபடியே போய்ச் சேரும். ஒவ்வொரு முறையும் வெறுமையாகத் தொடங்கும் தனித்த நிலை இருக்கிறது. அதைத் தெரிவு செய்யத் தெரிந்திருக்க வேண்டும். இந்த இணைப்பு ஒரு பாதுகாப்பு அரண் அன்று என்று அதை ஆக்கியோரே தம் ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள்.

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கணினி கற்பிப்போர் இப்பணியைக் கையிலெடுத்தால், ஒவ்வொரு பகுதியும் எந்தப் பதிப்புக்கு, எந்தத் திகதியில் எழுதப்பட்டது என்ற குறிப்போடு ஆண்டுதோறும் புதுப்பிக்க வழி பிறக்கும். பாமினி பற்றியும் அடையாள அட்டை பற்றியும் மாணவர்களோடு சேர்ந்து நான் எழுதிய இரண்டு பகுதிகள் வரைவாக ஆயத்தமாயிருக்கின்றன. தங்கள் பத்திரிகையின் கணினிப் பக்கத்தில் இடம் தருவீர்களானால் அவற்றை அனுப்பிவைப்பேன். கலைச்சொற்களில் பிழை காணும் வாசகர்கள் திருத்தி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனை வளவாளர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.